யார் பறந்து சேர்த்த பாயிண்ட்

அந்த முறை ஜெர்மனிக்கு எப்படிப் போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் பல நாள் ஓடியது.

நான் கண்டியில் வாசனைத் திரவியங்கள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். மாத்தளைப் பக்கமிருந்தும் கம்பளைப் பக்கமிருந்தும் மிளகும் கராம்பும் கறுவாவும் லொறியில் வந்து கட்டுகஸ்தோட்டையில் உள்ள எங்கள் ஸ்டோரில் இறங்கும். அங்கே சுத்தம் செய்து, தரம் பிரித்து, வெளிநாட்டுக்கு அனுப்புவோம். கல்யாணத்துக்கு முன்பு தட்டச்சு செய்ய அங்கே சேர்ந்தேன். கடிதம் அடிக்க வந்தவளிடம் கடிதம் எழுதும் வேலையும் வந்தது. பிறகு தொலைபேசியில் பேசும் வேலை வந்தது. கடைசியில் நேரில் போய்ப் பேசும் வேலையும் என் தலையில் விழுந்தது. இப்போது என் மேசையில் ஏற்றுமதி முகாமையாளர் என்று ஒரு சின்னப் பலகை இருக்கிறது. வருஷத்தில் மூன்று நான்கு தடவையாவது விமானத்தில் போகிறேன்.

எங்கள் முதலாளி அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா காலத்தில் கண்டி டவுனில் பலசரக்குக் கடையாகத் தொடங்கிய வியாபாரம் இது. முதலாளிக்கு நகரத்தில் நல்ல மரியாதை உண்டு. கோயில் தேருக்கு முதல் மாலை அவருக்குத்தான். வங்கிக்குப் போனால் மனேஜர் எழுந்து வருவார். ஆனால் செலவு விஷயத்தில் அவர் கை இறுக்கமானது. அந்த இறுக்கத்திலிருந்து அவர் தன்னையும் விட்டுவைத்ததில்லை. ஜெர்மனிக்குப் போனாலும் ஜப்பானுக்குப் போனாலும் விமானத்தில் மலிவான டிக்கெட், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல், பெட்டிக்குள் வீட்டில் கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலும். "போய்ச் சேர்றதுதானே மிஸ் முக்கியம்," என்பார். நானும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.

ஜெர்மனியில் வாங்குபவர்கள் கூடும் உணவுப்பொருள் கண்காட்சிக்குச் சில மாதம் முன்பு மழை நாள் ஒன்றில் ஸ்டோர் படியில் சறுக்கி விழுந்தேன். எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துக் காலையில் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. முதுகெலும்பின் நடுவே உள்ள தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். அறுவைச் சிகிச்சை வேண்டாம், பயிற்சி செய்தால் போதும். ஆனால் நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்றார். "எவ்வளவு நேரம் உக்காரலாம் டாக்டர்?" என்று கேட்டேன். "வலிக்க முந்தி எழும்பிருங்க," என்றார். ஜெர்மனி போவதை அவரிடம் நான் சொல்லவில்லை.

விமானத்தில் அடிக்கடி போகிறவர்களின் பெயரில் விமானக் கம்பெனி பாயிண்ட் சேர்த்து வைக்கும். பல வருஷம் முன்பு ஒரு விமானப் பணிப்பெண் தந்த படிவத்தை நிரப்பிக் கொடுத்து நானும் அதில் சேர்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பெரிதாக நினைத்ததில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் பாயிண்ட் ஏறிக்கொண்டே வந்தது. அதைக் கொடுத்து வீட்டார் எல்லோரும் ஒரு தடவை சிங்கப்பூர் போய் வரலாம் என்று கணவர் இரண்டு மூன்று முறை சொல்லியிருந்தார். அந்தப் பாயிண்டைக் கொண்டே கம்பெனி எடுத்துத் தந்த சாதாரண டிக்கெட்டை பிஸ்னஸ் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை முதுகு வலியோடு படுத்துக்கொண்டு தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்தான் பார்த்தேன். பிஸ்னஸ் வகுப்பில் கதிரை கட்டிலாக விரியும். படுத்துக்கொண்டே போகலாம்.

கணவர் கம்பளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"முதுகுக்காகன்னா எடு. நான் வேணாம்னு சொல்லல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. நீ போறது கம்பெனி வேலைக்கு. ஒழுங்காக் கூட்டிட்டுப் போக வேண்டியது கம்பெனி. நம்ம பாயிண்ட்ட எதுக்கு அவங்களுக்குக் குடுக்கணும்?"

"அவங்களுக்கு எங்கங்க குடுக்கிறேன்? எனக்குத்தானே."

"நீ யாருக்காகப் போற? சிங்கப்பூர் பாக்கவா போற?"

அவரே, "முதலாளிக்கிட்ட கேட்டுப் பாரேன்," என்றார்.

எப்படிக் கேட்பது? அந்த மனிதரே சாதாரண வகுப்பில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வருகிறார். அவருக்குக் கிடைக்காத வசதியை எனக்கு வாங்கித் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அவரிடம் சம்பள உயர்வுகூட நேராகக் கேட்டதில்லை. அவராகவே பார்த்துச் செய்வார். செய்யாத வருஷம் செய்ய மாட்டார். எங்கள் பக்கத்தில் வேலைக்கும் முதலாளிக்கும் நடுவே இப்படி ஒரு பேசாத ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடா என்றால் தெரியாது. பழகிப்போன ஏற்பாடு.

கடைசியில் போகிற வழிக்கு மட்டும் மாற்றிக்கொண்டேன். வரும் வழிக்கும் மாற்றப் பாயிண்ட் போதவில்லை. சிங்கப்பூர் பேச்சு அத்தோடு எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று. மகள் மட்டும், "அம்மா அங்க படுத்துக்கிட்டே படம் பாப்பீங்களா?" என்று கேட்டாள்.

மாற்றியாகிவிட்டது. கூட வரப்போகும் முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பது மிச்சமிருந்தது. சொல்லாமல் விட்டால் விமான நிலையத்தில் அவராகவே பார்த்துத் தெரிந்துகொள்வார். அது திருட்டுத்தனம் போலாகிவிடும் என்று தோன்றியது.

புறப்பட்ட அன்று விடிந்த பிறகுதான் வேன் வந்தது. முதலாளி சாரதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் ஒரு தலையணையை இடுப்புக்குக் கொடுத்துச் சரிந்து படுத்திருந்தேன். கடுகண்ணாவை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் முதுகு தனியாக ஒரு பக்கம் போய் வந்தது. சொல்லலாம் சொல்லலாம் என்று மாவனல்லை போயிற்று; கேகாலையும் போயிற்று. வரக்காப்பொலையில் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். முதலாளி எப்போதும் போல இலையில் மடித்து அவித்த ஹலப வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். அவர் முகம் நன்றாக இருந்த நேரம் அது. வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"சார், ஒரு விஷயம். நான் பிளேன்ல பிஸ்னஸ் கிளாஸ்ல வாறேன். முதுகுக்காக. என் சொந்த பாயிண்ட்டக் குடுத்து மாத்திக்கிட்டேன். கம்பெனிக்கு ஒரு சதம் செலவில்ல."

அவர் ஹலபவின் இலையைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. முழுவதும் பிரித்து, இலையைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்ட பிறகுதான் பேசினார்.

"அப்ப நீங்க முன்னுக்கு. நான் பின்னுக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வேன் மறுபடி புறப்பட்டு நிட்டம்புவையைத் தாண்டியது. பிறகு, முதலாளி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"மிஸ், அந்தப் பாயிண்ட் எல்லாம் எப்படிச் சேர்ந்துச்சு?"

"பறக்கப் பறக்கச் சேரும் சார்."

"யாரு காசுல பறந்தீங்க?"

சாரதி கொஞ்சம் வேகத்தைக் குறைத்ததுபோல இருந்தது. அவர் சிங்களக்காரர், ஆனால் எங்கள் தமிழ் அவருக்கு நன்றாக விளங்கும். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மூன்று பேரும் காத்திருந்தோம். "கம்பெனிக் காசுலதான் சார்," என்றேன். முதலாளி தலையை மட்டும் அசைத்தார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் போய் இறங்கினோம்.

கவுண்டரில் இரண்டு வரிசை. சாதாரண வகுப்பு வரிசை கதவு வரை நீண்டிருந்தது. வேலைக்குப் போகும் பெடியன்கள், பெட்டிகள், வழியனுப்ப வந்த குடும்பங்கள். பக்கத்தில் சிவப்புக் கம்பளம் விரித்த வரிசையில் ஆளே இல்லை. என் டிக்கெட்டைப் பார்த்த ஊழியப் பெண் என்னைக் கம்பளத்துக்குக் கூப்பிட்டாள். முதலாளியும் என்னோடு வந்தார். அந்தப் பெண் அவருடைய தாளைப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, "ஐயாவுக்கு அந்த லைன்," என்று கையைக் காட்டினாள். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். நான் அவர் பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு நிற்க முடியவில்லை என்பது உண்மை. அவர் வேனில் கேட்ட கேள்வி மேல் எனக்கிருந்த கோபமும் என் காலைப் பிடித்து வைத்தது.

விமானம் மேலே ஏறியதும் பொத்தானை அழுத்திக் கதிரையை விரித்தேன். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் கீழே படிந்தது. பல மாதங்களாக அந்த இடத்தைப் பிடித்திருந்த ஒரு கை விட்டுவிட்டதுபோல இருந்தது. கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை. 'யாரு காசுல பறந்தீங்க' என்பதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பக்கமிருந்தும் யோசித்துப் பார்த்தேன். டிக்கெட் அவருடைய காசு. அந்தக் காசுக்குப் பின்னால் ஸ்டோரில் தூசுக்குள் நின்று மிளகு புடைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் பாயிண்ட் தருகிறார்கள்? அப்படிப் பார்த்தால் என்னுடையது என்று நான் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் என் பக்கமும் இருந்தது. மகள் பெரியவளான செய்தி வந்தபோது நான் இஸ்தான்புல்லில் ஒரு வாங்குபவரின் அலுவலக வாசலில் காத்திருந்தேன். அவள் தொலைபேசியில் அழுதாள். என்னால் "அப்பாகிட்ட குடு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எத்தனையோ விமான நிலையங்களின் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறேன். நடு இருக்கையில் இரண்டு பக்கமும் ஆண்கள் தூங்கிவிட, எழுந்து போகக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டிக்கெட்டுக்கு அவர் காசு கொடுத்தார். பயணத்தை நான்தான் செய்தேன். பாயிண்ட் இந்த இரண்டில் எதற்கு விழுகிறது?

எனக்கு நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அம்மா அங்கே கொழுந்து எடுத்தவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் கீழே விழும் மிலாறை, அதாவது வெட்டிய கிளைகளை, லயத்தில் குடியிருந்த தொழிலாளர்கள் அடுப்புக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். வெகு காலமாக அப்படித்தான் நடந்தது. புதிதாக வந்த தோட்டத் துரை ஒருவர், செடி தோட்டத்துடையது என்றால் மிலாறும் தோட்டத்துடையதுதான் என்று நிறுத்திவிட்டார். அம்மாவும் மற்றவர்களும் இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. பிறகு துரையே சத்தமில்லாமல் விட்டுவிட்டார். யாருடையது என்பதை யாரும் கடைசிவரை தீர்த்துச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

சாப்பாடு வந்து போன பிறகு எழுந்து பின்னால் போனேன். நடுவில் ஒரு திரை தொங்கியது. அதை விலக்கியதும் சத்தமும் சூடும் வேறு. முதலாளி வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற இரண்டு பெடியன்களுக்கு நடுவில் இருந்தார். முன் கதிரைக்காரர் சாய்ந்துவிட்டதால் முழங்காலை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். மடியில் வீட்டு ரொட்டிப் பார்சல். அதில் பாதியை வலப்பக்கத்துப் பெடியன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சார், டோஹாவுல பிளேன் மாறின பொறகு நீங்க முன்னுக்குப் போங்க. நான் கவுண்டர்ல மாத்திக் கேக்கிறேன். அடுத்ததுதான் நீண்ட பயணம்."

"வேணாம் மிஸ்."

"நான் இதுல கொஞ்சம் படுத்துட்டேன் சார். சமாளிச்சுக்குவேன்."

"வலி உங்களுக்குத்தானே. எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு." பிறகு நிமிர்ந்து பார்த்து, "போய்ப் படுங்க. நாளைக்கு நிறைய வேலை," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜெர்மனியில் இறங்கியபோது அவருடைய கால் இரண்டும் வீங்கியிருந்தன. சப்பாத்துக்குள் போகவில்லை. நாடாவை முழுவதும் கழற்றி, சப்பாத்தைச் செருப்புப் போல இழுத்துக்கொண்டு நடந்தார். நானோ நிமிர்ந்து நடந்தேன். இப்படி ஒரு நீண்ட பயணத்துக்குப் பிறகு நான் நேராக நடந்தது எப்போது என்று ஞாபகமில்லை. பெட்டிகளை நான்தான் தள்ளினேன். ஹோட்டலில் முகம் கழுவிக்கொண்டு நேரே கண்காட்சிக்குப் போனோம். எங்கள் பழைய வாங்குபவர் ஒருவர், நடுத்தர வயதுப் பெண்மணி, முதல் ஆளாக வந்தார். கராம்புக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் பேச வேண்டும்.

விலை பேசும் வேலை எப்போதும் முதலாளியுடையது. நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பேன், தாள்களை எடுத்துக் கொடுப்பேன். அன்று அவர் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு வார்த்தை நலம் விசாரித்து, மூன்றாவது வார்த்தையில் தூங்கிவிட்டார். தலை நெஞ்சில் சாய்ந்து, கை மேசையில் விரித்தபடி இருந்தது. நான் அவர் முழங்கையைத் தொட்டு எழுப்பப் போனேன். அந்தப் பெண்மணி விரலை உதட்டில் வைத்து வேண்டாம் என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். நானும் தாழ்த்திக்கொண்டேன். நோயாளியின் கட்டில் ஓரத்தில் இரண்டு பெண்கள் பேசுவதுபோல, கராம்பின் ஈரப்பதமும் விலையும் கொள்கலன் அனுப்பும் மாதமும் மெல்லிய குரலில் பேசி முடித்தோம். அந்தப் பெண்மணி விலையை இறக்கக் கேட்டார். நான் முடியாது என்றேன். வேறு ஒரு தரத்தில் சற்று விட்டுக்கொடுத்தேன். முதலாளி விழித்திருந்தால் அதை விட்டுக்கொடுத்திருப்பாரா என்று தெரியாது. எனக்குச் சரியென்று பட்டது.

கை குலுக்கும் நேரத்தில்தான் முதலாளி கண்ணைத் திறந்தார்.

"என்ன, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

நான் என்ன பேசினேன் என்று அப்போது அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். "ம்," என்றார். அந்த "ம்" எங்கள் ஸ்டோரில் நல்ல மிளகுக்கு மட்டும் வருவது.

சாயங்காலம் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். அவர் அறையில் வெந்நீரில் காலை ஊறவைத்துவிட்டு வந்திருந்தார். பாதத்தில் ஹோட்டலின் வெள்ளைத் துணிச் செருப்பு. தேநீரை ஊதிக்கொண்டே தொடங்கினார்.

"நேத்து வேன்ல ஒண்ணு கேட்டேனே."

"பரவாயில்ல சார்."

"இல்ல, கேளுங்க. எங்க போனாலும் முன்னுக்கு நிக்கிற ஆள் நான். கோயிலுக்குப் போனா, கல்யாண வீட்டுக்குப் போனா, முன் கதிரைதான் போட்டு வச்சிருப்பாங்க. நீங்க பிஸ்னஸ் கிளாஸ்னு சொன்ன உடனே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. என் கந்தோர்ல வேலை செய்ற பிள்ளை முன்னுக்குப் போகுது, நான் பின்னுக்கு உக்கார்றேன்னு. அதை எப்படி வாயால சொல்றது? அதான் காசுக் கதையை எடுத்தேன். காசுக் கதைன்னா எனக்குச் சுலபம்."

அந்த வயதில், அந்த இடத்தில் இருக்கும் ஒருவர் இதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னார், அது எனக்குப் போதுமாக இருந்தது. அதே நேரம், 'வேலை செய்ற பிள்ளை' என்ற சொல் என்னைக் கொஞ்சம் குத்தவும் செய்தது. எனக்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது.

திரும்பி வரும்போது இருவரும் பின்னால்தான். மூன்று கதிரையில் ஓரக் கதிரை அவருடையது. "நீங்க இதுல உக்காருங்க, எழும்ப லேசு," என்று மாறிக்கொண்டார். அவர் தன் பாட்டில் எழுந்து நடைபாதையில் நடப்பார். நானும் பின்னால் நடப்பேன். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் நான் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்ய, அவர் ஆட்கள் பார்க்காதபடி முதுகைக் காட்டி மறைத்து நின்றார். அப்படியும் கடைசி இரண்டு மணி நேரம் என்னால் தாங்க முடியவில்லை. கட்டுநாயக்கவில் இறங்கும்போது இடது கால் மரத்துப்போயிற்று. சக்கர நாற்காலியில்தான் வெளியே வந்தேன். முதலாளி பக்கத்திலேயே நடந்தார். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?" என்று ஒருமுறை கேட்டார். "விழுந்த பொறகு இதுதான் சார் முதல் தடவை," என்றேன். அதற்கு முன்பும் வலி இருந்தது, இவ்வளவு இல்லை. அதை அவரிடம் சொன்னதில்லை.

ஒரு வாரம் வீட்டில் படுத்திருந்தேன். கணவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து சமையல் செய்தார். சொல்ல நினைத்ததை அடக்கிக்கொள்வது அவருக்குக் கஷ்டம் என்பது பாத்திரத்தை வைக்கும் சத்தத்தில் தெரிந்தது. படுத்துக்கொண்டு நான் ஒரு விஷயத்தை மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டேன். பாயிண்ட் யாருடையது என்ற கேள்வியில் முதலாளி ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம், நான் நடுவில் என்று நினைத்திருந்தேன். உண்மையில் நான் கம்பெனியிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல், என் பாயிண்டைக் கொடுத்துச் சமாளித்திருந்தேன். கொடுக்கப் பாயிண்ட் இருந்ததால் வாயைத் திறக்காமல் இருக்க முடிந்தது. இனி அதுவும் இல்லை.

கந்தோருக்குப் போன முதல் நாள் அவர் அறைக்குப் போனேன்.

"சார், அடுத்த கண்காட்சிக்கு நான் போகணும்னா இப்படி உக்காந்து போக முடியாது. என்கிட்ட இனிப் பாயிண்ட் இல்ல. கம்பெனிதான் ஏதாவது செய்யணும். இல்லன்னா வேற யாரையாவது அனுப்புங்க."

வேன் ஓடும்போது வராத வார்த்தைகள் அன்று வந்தன.

"முதல்லயே கேட்டிருக்கலாமே மிஸ்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இல்ல," என்றார். "இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வரக்காப்பொலையில் சிரித்த சிரிப்பு இல்லை இது.

பிஸ்னஸ் வகுப்பு தர முடியாது என்று அப்போதும் சொன்னார். ஒருவருக்குத் தந்தால் எல்லோருக்கும் தர வேண்டி வரும், வியாபாரம் அந்த நிலையில் இல்லை என்றார். அது உண்மையும்கூட. கடைசியில் இப்படி முடிவானது: எனக்குக் காலை நீட்ட இடமுள்ள ஓரக் கதிரை, நடுவில் ஓர் இரவு டோஹாவில் தங்கிப் போகலாம், கண்காட்சிக்கு ஒரு நாள் முன்னதாகப் போய் ஓய்வெடுக்கலாம். இதைக் கணவரிடம் சொன்னபோது, "பிஸ்னஸ் கிளாஸுக்கு ஆகிற செலவுல பாதி இதுக்கு ஆகிரும் போலயே," என்றார். கணக்கு வாத்தியார். ஆனாலும் முகம் தெளிந்துதான் இருந்தது.

சில நாள் கழித்து முதலாளி தன் தொலைபேசியை என் மேசைக்குக் கொண்டு வந்தார். "எனக்கும் அந்தப் பாயிண்ட்ட போட்டுத் தாங்க," என்றார். அவருடைய பெயரையும் கடவுச்சீட்டு விவரத்தையும் பதிந்து கொடுத்தேன். திரையில் சைபர் என்று வந்தது.

"இவ்வளவு காலம் பறந்தேனே, அதெல்லாம்?"

"பழசு சேராது சார். போன சில மாசத்துப் பயணம் மட்டும் கேட்டு வாங்கலாம்."

அவர் அந்தச் சைபரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய இளவயதுப் பயணங்கள் எல்லாம் அதற்குள் போயிருந்தன. நானாவது அந்த ஒரு தடவை ஒரு கட்டில் வாங்கினேன். அவர் ஒன்றும் வாங்கவில்லை.

"இது கம்பெனிக்கா, எனக்கா?" என்று அவரே கேட்டார்.

"நீங்கதானே சார் கம்பெனி."

"அது சரி. ஆனா கால் வீங்கினது எனக்குத்தானே," என்றார். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லொறி வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனார்.

அடுத்த கண்காட்சிக்கு நான் தனியாகப் போனேன். அவருடைய கால் சரியில்லை. டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். டோஹாவில் தூங்கி எழுந்து போய்ச் சேர்ந்ததால் முதுகு பரவாயில்லாமல் இருந்தது. கண்காட்சி தொடங்க ஒரு முழு நாள் இருந்தது. கம்பெனிச் செலவில் வெளிநாட்டில் எனக்கு வேலை எதுவும் இல்லாத நாள் அதுதான் முதல். காலையில் தரையில் துணி விரித்துப் பயிற்சி செய்தேன். வீட்டுக்குப் பேசினேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று விளங்கவில்லை. குளிர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, படகுகள் போவதைப் பார்த்தேன். வலிக்க முந்தி எழும்பி மறுபடி நடந்தேன்.